குறை நுரையீரலில் இல்லை, காற்றில் இருக்கிறது

(கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில் நடைபெற்ற தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரின் மனநலம் பற்றியும், அவர்கள் தம் உணர்ச்சிகளைக் கையாளும் முறை பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். திருநங்கையர், திருநம்பிகள், தற்பாலீர்ப்புடைய ஆண்கள், பெண்கள், இருபாலீர்ப்பினர் ஆகியோரையே இத்தொடர் குறிக்கிறது. கூட்டம் தொடங்குமுன் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த தோழர் ஒருவர், "தொழிற்சங்க வகுப்பில் இது எதற்குத் தோழர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுரங்கம் மூடப்பட்டதன் கணக்குகளே இன்னும் தீரவில்லை. குடியிருப்பு உரிமை, வேலை, குடிநீர் என்று போராட வேண்டியவை குவிந்து கிடக்கின்றன. இவ்வுரை முழுவதையும் அவருடைய கேள்விக்கான விடையாகவே அமைத்துக்கொள்கிறேன்.

நான் மருத்துவனல்லன், உளவியல் பயின்றவனுமல்லன். தமிழில் முதுகலை முடித்து, கட்சியின் அறிக்கைகளையும் நூல்களையும் தமிழாக்கும் பணியில் வயதைக் கழித்தவன். கற்றதைத் தொழிலாளிக்கு விளங்கும் சொல்லில் சொல்வதே என் வேலை. அதைத்தான் இன்றும் செய்கிறேன்.

நோய் எங்கே இருக்கிறது?

இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் முதன்முதலாக 1934-இல் பதிவானது இந்தத் தங்கவயலில்தான். 1940 முதல் 1946 வரை இங்கே நடந்த ஆய்வில் 7,653 தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினருக்கு மேல் அந்நோய்க்கு ஆளாகியிருந்தனர்.

இருமுகிற தொழிலாளியைப் பார்த்து, "உன் உடல்வாகு அப்படி, உன் பழக்கவழக்கம் அப்படி" என்று சொல்லிவிடுவது எவருக்கும் எளிது. ஆனால் ஒரே சுரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இருமும்போது அந்த விளக்கம் நிற்காது. குறை நுரையீரலில் இல்லை, காற்றில் இருக்கிறது. பாறையைத் துளையிடும்போது எழும் தூசியில் இருக்கிறது. தூசியை அடக்காமல், காற்றோட்டத்தைச் சீர்செய்யாமல், நோயுற்றவனிடம் மூச்சைக் கட்டுப்படுத்தச் சொல்வது வைத்தியமாகாது.

இந்த உண்மையை வாழ்ந்து அறிந்த ஊர் இது. ஆகவே, நான் அடுத்துச் சொல்லப்போவது உங்களுக்கு எளிதில் விளங்கும்.

தற்பாலீர்ப்பு நோயன்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் அதனை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-இல் அது நோயன்று என வெளிப்படையாக அறிவித்தது. ஆயினும், பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் இம்மக்களிடையே மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன. நோயல்லாத ஒன்று ஏன் இத்தனை பேரை நோயாளியாக்குகிறது?

இலான் மேயர் என்னும் அறிஞர் 2003-இல் இதற்கு விடை கூறினார். எல்லா மனிதருக்கும் உள்ள வாழ்க்கைத் தொல்லைகளுக்கு மேல், சமூகம் இவர்கள்மீது மட்டும் ஏற்றும் தனிச்சுமை ஒன்று உண்டு: கேலி, அடி, வேலை மறுப்பு, வீடு மறுப்பு, இவை எப்போது நேருமோ என்னும் ஓயாத எதிர்பார்ப்பு, தன்னை மறைக்க வேண்டிய கட்டாயம், ஊரார் சொல்லும் இழிவைத் தானே நம்பத் தொடங்கும் நிலை. இதனைச் சிறுபான்மை அழுத்தம் என்னும் பெயரில் அவர் விளக்கினார். சுருங்கச் சொன்னால், குறை நுரையீரலில் இல்லை, காற்றில் இருக்கிறது.

மறைத்தல் என்னும் முடிவற்ற ஷிப்டு

அந்தத் தூசி மனத்திற்குள் எவ்வாறு புகுகிறது?

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு, நம் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வதும் இருட்டிய பிறகு திரும்புவதும் இவ்வூரின் வாழ்க்கையாகிவிட்டது. அந்த ரயிலில் பழக்கமான ஓர் இளைஞர் என்னிடம் ஒருமுறை மனம்விட்டுப் பேசினார். ரயிலேறும்போது குரலைத் தடிப்பாக்கிக்கொள்வாராம். கையை அசைத்துப் பேசும் பழக்கம் வெளிப்படாதிருக்க இரண்டு கைகளையும் சட்டைப்பையிலோ மார்பின் குறுக்கிலோ வைத்துக்கொள்வாராம். வேலையிடத்தில் "பெண் பார்த்தாயிற்றா?" என்று கேட்டால் சிரிக்க வேண்டும். பெட்டியில் திருநங்கை ஒருவர் ஏறும்போது மற்றவர்கள் எள்ளி நகையாடினால் அதற்கும் சேர்ந்து சிரிக்க வேண்டும். "வீட்டுக்கு வந்தால் ஓய்வு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், தோழர். எனக்கு வீட்டில்தான் ஓவர்டைம் தொடங்குகிறது" என்றார்.

தோழர்களே, இதுவும் உழைப்புத்தான். கூலியில்லாத, எட்டு மணி நேர வரம்பில்லாத உழைப்பு.

உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்குவதால் என்ன நேர்கிறது என்பதை ஜேம்ஸ் கிராஸ் முதலிய உளவியலார் 1990-களில் சோதனை செய்து பார்த்தனர். அடக்குவதால் உள்ளிருக்கும் துன்பம் குறைவதில்லை. முகம் அமைதியாக இருக்கும்போதே இதயமும் இரத்தக்குழாய்களும் கூடுதலாகப் பாடுபடுகின்றன. நினைவாற்றலும் குன்றுகிறது. தமிழ் இலக்கணம் உணர்ச்சிக்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்தது. மெய்யில், அதாவது உடம்பில், வெளிப்படுவது மெய்ப்பாடு. வெளிப்பட வேண்டியதை நாள்தோறும் தடுத்தால் அந்தச் செலவை உடம்புதான் ஏற்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பட்ட அவமானத்தை மனம் திரும்பத் திரும்ப அசைபோடுகிறது. 'ஏன் அப்படிச் சொன்னான்? கண்டுபிடித்துவிட்டானோ? நாளை என்ன ஆகும்?' என்று இரவெல்லாம் சுழல்கிறது. மார்க் ஹாட்சன்பியூலர் என்னும் ஆய்வாளர் 2009-இல் தம் குழுவினருடன் ஓர் ஆய்வை வெளியிட்டார். தற்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உடையவர்களும் அமெரிக்கக் கறுப்பின மக்களுமாக ஐம்பது இளைஞர்கள் தங்கள் அன்றாட அனுபவத்தைப் பதிவு செய்தனர். இழிவுபடுத்தப்பட்ட நாள்களில் உணர்ச்சியை அடக்குவதும் அசைபோடுவதும் மிகுந்திருந்தன. அசைபோடுதல் வழியாகவே அந்த இழிவு மனத்துன்பமாக மாறியது.

சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் கிடைத்த மற்றொரு செய்தி நம் சிந்தனைக்குரியது. அவமதிப்புக்குப் பின் தற்பாலீர்ப்பினர் கறுப்பின இளைஞரைவிடக் கூடுதலாகத் தனிமைப்பட்டார்கள்; அவர்களுக்குக் கிடைத்த துணையும் குறைவாக இருந்தது.

இதன் பொருளை நம் அனுபவத்திலிருந்தே உணரலாம். நம்மில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களின் பிள்ளைகள். பெங்களூரில் வீடு தேடும்போது வீட்டுக்காரர் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, கடைசியில் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது நமக்குத் தெரியும். சாதியை மறைத்துப் பேசும் பாரம் எத்தகையது என்பதும் தெரியும். ஆனால் அப்படி அவமானப்பட்டு லைன் வீட்டுக்குத் திரும்பும் மகனிடம் தாய், "நீ ஏன் அப்படிப் பிறந்தாய்?" என்று கேட்பதில்லை. அவளும் அதே அவமானத்தைப் பட்டவள். அண்ணன் கோபப்படுவான், அக்கம்பக்கத்தார் சேர்ந்து திட்டுவார்கள், சங்கம் கேள்வி கேட்கும். ஒருவன் பட்ட அவமானம் ஊரின் கோபமாகிறது. நம்மை உயிரோடு வைத்திருந்தது அதுதான்.

அந்த ரயில் இளைஞருக்கு அது கிடையாது. அவர் மறைக்க வேண்டியது முதலில் தாயிடம், பிறகு அண்ணனிடம், பிறகு நம்மிடம். இரண்டு ஒடுக்குமுறைகளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் வீட்டுக்குள்ளும் வாசல் மறுக்கப்பட்டவர்கள் இவர்கள் என்றே சொல்கிறேன்.

அரசனால் வரும் அச்சம்

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் எவற்றால் பிறக்கும் என்றும் வகுக்கிறது. அச்சத்திற்கு அது கூறும் காரணங்கள் நான்கு. அணங்கு, கொடிய விலங்கு, கள்வர் ஆகிய மூன்றும் நாம் எதிர்பார்க்கக்கூடியவை. நான்காவது, தன்னை ஆளும் அரசன். உணர்ச்சி என்பது தனிமனிதனின் உள்ளத்தில் தானாக ஊறுவதன்று, வெளியே உள்ள நிலைமையிலிருந்து பிறப்பது என்னும் தெளிவு நம் இலக்கணத்திலேயே இருக்கிறது.

இம்மக்களுக்கு அந்த நான்காவது அச்சத்தை ஊட்டியது சட்டம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆங்கிலேயர் 377-ஆம் பிரிவைச் சேர்த்தனர். 1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் வட இந்தியாவில் திருநங்கையரைப் பெயர்ப்பதிவு செய்து கண்காணிக்க வகை செய்தது. ஒருவர் எந்தக் குற்றமும் செய்யுமுன்பே அவரைச் சந்தேகத்துக்குரியவராகப் பதிவேட்டில் ஏற்றுவது என்றால் என்னவென்று இவ்வூர் அறியும். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத்தானே இந்தத் தங்கவயலின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்!

தில்லி உயர்நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று 377-ஆம் பிரிவின் கொடுமையை நீக்கியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. 2014 ஏப்ரல் 15 அன்று மாற்றுப்பாலினத்தோரின் சுய அடையாள உரிமை ஏற்கப்பட்டது. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் வயது வந்தோரின் இசைவான உறவு குற்றமன்று என்று இறுதியாகத் தீர்ப்பாயிற்று. ஒரு நாள் மனிதன், மறுநாள் குற்றவாளி, பிறகு மீண்டும் மனிதன் என்று ஆட்டிவைக்கப்பட்டவரிடம், "மனத்தைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்" என்று உபதேசிப்பதில் என்ன பயன்?

சட்டம் மனத்தைத் தாக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் சில மாநிலங்கள் 2004, 2005-இல் தற்பாலினத் திருமணத்தைத் தடை செய்தன. அந்த மாநிலங்களில் வாழ்ந்த தற்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உடையவர்களிடம் மனச்சோர்வு வகை நோய்கள் 36 விழுக்காட்டுக்கு மேல் கூடியதாக 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. தடை விதிக்காத மாநிலங்களில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. அவர்களுடைய மூளை அந்த ஆண்டில் மாறிவிடவில்லை, காற்றுத்தான் மாறியது.

என் தவறு ஒன்று

இங்கே ஒரு தன்விமர்சனம் செய்தாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையைத் தமிழாக்கியபோது, தற்பாலீர்ப்பு என்று வர வேண்டிய இடத்தில் 'இயற்கைக்கு மாறான புணர்ச்சி' என்று எழுதினேன். மூலத்தில் அப்படியொரு பழிச்சொல்லே இல்லை. அகராதியிலும் சட்டநூலிலும் இருந்ததை எடுத்துப் போட்டேன்; இரண்டாவது முறை யோசிக்கவில்லை. மெய்ப்புப் பார்க்க எனக்கு உதவிவந்த தம்பி ஒருவர் அந்தப் பக்கத்தைத் திருத்தமின்றித் திருப்பித் தந்தார். பிறகு மெல்ல மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டார். வேலை கிடைத்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நெடுநாள் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். "அண்ணா, அந்தச் சொல்லை நான்தான் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தேன். ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவரைக் கையாலோ கழியாலோ நான் அடிக்கவில்லை. ஒரு சொல்லால், அதுவும் அவரே மெய்ப்புப் பார்க்கும் சொல்லால், வெளியே தள்ளினேன். அவர் அந்த மேசையில் அமர்ந்து தம் முகத்தை எப்படி வைத்திருந்திருப்பார் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். மனநலம் பற்றிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

'சரிசெய்கிறோம்' என்னும் கொடுமை

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வந்து உண்மையைச் சொன்னதும் பதறிப்போய் மந்திரிப்பவரிடமோ, மாற்றித் தருவதாகக் கூறும் மருத்துவரிடமோ அழைத்துச் செல்கிறோம். அல்லது அவசரமாகக் கல்யாணத்தை முடிக்கிறோம். கல்யாணம் எந்த ஈர்ப்பையும் மாற்றுவதில்லை. துன்பத்திற்கு இன்னொரு பெண்ணையோ ஆணையோ கூட்டாளியாக்குகிறது.

மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பிவந்த இரு இளம்பெண்களின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு, பாலீர்ப்பை மாற்றும் 'சிகிச்சை'களைத் தடை செய்தது. அந்நீதிபதி இப்பொருளில் தமக்குப் போதிய அறிவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பெழுதினார். நீதிபதிக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு? 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய 'சிகிச்சை' தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஊராரின் ஒழுக்க மதிப்பீட்டுக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துவரவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி எனக் கூறக் கூடாது என்கிறது. சிகிச்சையில் பாலீர்ப்பு அடிப்படையில் பாகுபாடு கூடாது என்றும் சொல்கிறது.

அப்படியானால் சிகிச்சையே வேண்டாமா? வேண்டும். சுரங்கக் காற்றைச் சீர்செய்யும்வரை இருமுகிறவனை அப்படியே விடுவோமா? நியூயார்க்கில் 2015-இல் வெளியான ஒரு சோதனையில், தற்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உடைய இளைஞர்களுக்கென அமைத்த உளவியல் ஆலோசனை மனச்சோர்வைக் குறைத்தது. அச்சத்தையும் அவமானத்தையும் அடையாளம் காணவும், அவற்றை விழுங்காமல் சொல்லவும், தன் பக்கத்தைத் துணிந்து பேசவும் அது பயிற்றியது. துன்பத்தின் வேர் சமூகத்தின் இழிவுபடுத்தலில் இருக்கிறது, உன்னிடம் இல்லை என்பதே அதன் அடிப்படை. அடக்குவதை அது கற்பிக்கவில்லை. ஆங்கிலத் தொடரை 'உணர்ச்சிக் கட்டுப்பாடு' என்று தமிழாக்காமல் 'உணர்ச்சியைக் கையாளுதல்' என்று நான் எழுதுவதற்கும் இதுவே காரணம். கட்டுப்பாடு இவர்களிடம் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி இருக்கிறது.

இடதுசாரிகளின் கணக்கு

நம் இயக்கத்தின் வரலாற்றையும் மறைக்காமல் பார்ப்போம். 1898-இல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் தற்பாலீர்ப்பைக் குற்றமாக்கும் சட்டத்திற்கு எதிராகப் பேசியவர் உழைப்பாளர் தலைவர் ஆகஸ்ட் பெபல். புரட்சிக்குப் பிந்தைய ருஷ்யாவின் 1922-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் அப்படியொரு குற்றமே இல்லை. ஆனால் 1934-இல் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. கியூபாவில் நடந்த ஒடுக்குமுறைக்கு ஃபிடல் காஸ்ட்ரோ 2010-இல் தாமே பொறுப்பேற்றார். 2022-இல் அந்நாட்டு மக்கள் தற்பாலினத் திருமணத்தை ஏற்கும் குடும்பச் சட்டத்தை வாக்களித்து நிறைவேற்றினர். தவறு நேர்ந்திருக்கிறது, திருத்தமும் நேர்ந்திருக்கிறது.

சுரங்கத் தொழிலாளர்களாகிய நமக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று பிரிட்டனில் நடந்தது. 1984-85-இல் அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தாட்சர் அரசின் மூடல் திட்டத்தை எதிர்த்து ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். லண்டனில் தற்பாலீர்ப்பினர் சிலர் கூடி, உண்டியல் குலுக்கி, அவர்களுக்காக நிதி திரட்டினார்கள். அதன் முன்னோடிகளில் ஒருவர் இளம் கம்யூனிஸ்ட் தோழர் மார்க் ஆஷ்டன். திரட்டிய நிதி தெற்கு வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்குக்குச் சென்றது. நம்முடைய லைன்களைப் போன்ற ஊர்கள் அவை; கோயிலும் குடும்பமும் ஊர்ப்பேச்சும் கட்டிக்காத்த ஊர்கள். முதலில் தயங்கியவர்கள் பிறகு அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்தார்கள்.

வேலைநிறுத்தம் தோற்றது. சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் 1985 ஜூன் மாதம் லண்டனில் நடந்த தற்பாலீர்ப்பினரின் பேரணியில் சுரங்கத் தொழிலாளர்கள் தம் சங்கப் பதாகையுடன் அணிவகுத்தார்கள். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் இம்மக்களின் சம உரிமைத் தீர்மானம் நிறைவேறியதற்குச் சுரங்கச் சங்கத்தின் வாக்குகள் துணைநின்றன. ஆஷ்டன் 1987-இல், 26 வயதில், எய்ட்ஸ் நோயால் மறைந்தார். தங்களுக்கென ஒரு வாசல் திறக்கும் என்று எதிர்பார்த்து அவர்கள் நிதி திரட்டவில்லை. ஆனால் வாசல் திறந்தது.

நாம் செய்யக்கூடியவை

மூத்த தோழர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். துன்பத்தைத் தனியாகச் சுமப்பவன் நொறுங்குகிறான். சேர்ந்து சுமப்பவர்கள் போராடுகிறார்கள். இதைக் கண்டுபிடித்ததே தொழிற்சங்கம். அந்தக் கண்டுபிடிப்பை நம் பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் மறுத்துவந்திருக்கிறோம். ஆகவேதான் இது சங்கத்தின் வேலை.

பெரிய செலவில்லாத சில வேலைகளைச் சொல்கிறேன். சங்க அலுவலகத்திலும் ரயில் பெட்டியிலும் இம்மக்களைப் பற்றிய கேலி எழும்போது நாம் சிரிக்காமலிருப்போம். ஒருவர் சிரிக்காமலிருப்பதை அங்கே மறைந்திருக்கும் இன்னொருவர் கவனிக்கிறார். பிள்ளையோ தங்கையோ வந்து சொன்னால், முதல் நாள் அறிவுரை கூறாமல் கேட்டுக்கொள்வோம். சாப்பிட்டாயா என்று கேட்போம். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்கு ஓரிரவு தங்க இடம் தேடிக் கொடுப்போம். கர்நாடக அரசு 2021-இல் அரசுப் பணிகளில் மாற்றுப்பாலினத்தோருக்கு ஒரு விழுக்காடு இடஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. அதற்கு விண்ணப்பிக்க உதவுவதும் சங்க வேலையே. தூக்கமில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று எவரேனும் சொன்னால் அதை அலட்சியம் செய்யாமல், அரசின் டெலிமானஸ் இலவச உதவி எண் 14416-ஐ அழைப்போம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனைக்குச் செல்லத் துணை வேண்டுமானால் உடன் செல்வோம்.

1946 நவம்பர் 4 அன்று இம்மண்ணில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஆறு தோழர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. மனிதராக நடத்தப்படும் உரிமை. அந்த உரிமையில் எவர் பெயரையும் விட்டுவிட நமக்கு அதிகாரமில்லை.

நாளைக் காலை அந்த ரயில் புறப்படும். அதில் நம் பிள்ளை ஒருவர் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பார். அவரை நீங்கள் அடையாளம் காண வேண்டியதில்லை; அவர் யாரென்று கேட்கவும் வேண்டாம். உங்கள் பக்கத்தில் அமர்ந்தால் அவர் கைகளைத் தளர்த்தலாம் என்னும்படி நீங்கள் இருந்தால் போதும்.